மெஷினில் படுத்தவருக்குப் பிரஷர் ஏன் இறங்குகிறது? நூறு வருடக் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரம் இல்லாத நேரம் பார்த்து வாசியுங்கள். வீட்டில் கிட்னி நோயாளி இருப்பவர்கள் எப்படியாவது நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

நம்ம பக்கம் ஒரு பேச்சு ஊறிப்போய்க் கிடக்கிறது. "டயலிசிஸ் போட ஆரம்பிச்சா ஆள் தங்காது." மரண வீட்டிலும் கேட்கிறேன், ஹட்டன் பஸ்ஸிலும் கேட்கிறேன், பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார் வாயிலும் கேட்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மெஷின்ல படுத்திருக்கும்போதே பிரஷர் இறங்கிருச்சு சேர்."

இந்தப் பயத்தால் வைத்தியர் சொன்ன திகதியைத் தள்ளிப் போடுகிறார்கள். தொடங்கியவர்களும் ஒரு தடவை கண் இருட்டி மயங்கிய பிறகு அடுத்த தடவைக்குப் போக மறுக்கிறார்கள். போகாமல் விட்டால் அதற்கடுத்த தடவை பிரஷர் இன்னும் மோசமாக இறங்கும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். பிரஷர் இறங்கப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உலகத்தில் பெரிய பெரிய மூளைகள் எத்தனை வருடம் மல்லுக்கட்டின என்பதைத்தான் எழுதப் போகிறேன். மருந்து மாத்திரை விஷயமெல்லாம் உங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். நம்ம தோட்டத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் இருக்கும் தண்ணீர் கசிந்து கசிந்து ஒரு சின்னத் தொட்டியில் விழுகிறது. ஒரு வாளி, இரண்டு வாளி என்று ஆறுதலாக மொண்டால் தொட்டி குறையாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் மொண்டால், மலைக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் தொட்டி வறண்டு போகும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி நிரம்பும். நம் இரத்தக் குழாய்கள்தான் அந்தத் தொட்டி. அதில் ஓடுவது ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். சிறுநீர் போகாத நோயாளியின் காலிலும் முகத்திலும் நுரையீரலிலும் தேங்கி நிற்கும் நீர்தான் மலைக்குள் இருக்கும் தண்ணீர். மெஷினால் தொட்டியிலிருந்து மட்டும்தான் மொள்ள முடியும். இரண்டு மூன்று நாளாகச் சேர்ந்த 3 லீற்றர் நீரை 4 மணித்தியாலத்தில் எடுக்கும்போது, உடம்பிலிருந்து கசிந்து வருவதைவிட வேகமாக மொண்டுவிட்டால் குழாயில் இரத்தம் குறைகிறது, இருதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, பிரஷர் விழுகிறது. நல்ல உடம்பாக இருந்தால் குழாய்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும், இருதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். பல வருடம் சீனி வருத்தம் இருந்தவருக்கு அந்த வேலையைச் செய்யும் நரம்புகளே பழுதாகியிருக்கும்.

இன்று உலகம் முழுக்கப் பார்த்தால் சுமார் பத்துத் தடவையில் ஒரு தடவை இப்படி நடக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரிதான விபத்து இல்லை. ஆஸ்பத்திரியில் யாரோ கவனக்குறைவாக இருந்ததால்தான் நடந்தது என்று உடனே முடிவு கட்டவும் முடியாது.

இனிக் கதைக்கு வருவோம். கதை அட்டையில் தொடங்குகிறது. ஆமாம், மழைக்காலத்தில் கொழுந்து மலையில் காலில் ஏறுகிறதே, அதற்கு உறவான அட்டைதான். கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருப்பதை நம்ம அம்மாமார் தினமும் பார்க்கிறார்கள். காரணம் அட்டையின் எச்சிலில் உள்ள ஒரு பொருள். மருத்துவ அட்டையிலிருந்து எடுத்த அந்தப் பொருளுக்கு ஹிருடின் என்று பெயர். 1913இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஏபல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நாயின் இரத்தத்தை வெளியே எடுத்து, மெல்லிய குழாய்களுக்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்பிக் காட்டினார்கள். இரத்தம் வெளியே உறையாமல் இருக்க அட்டைத் தலைகளை அரைத்துத்தான் ஹிருடின் எடுத்தார்கள். அடுத்த வருடம் முதலாம் உலகப் போர் வந்தது. ஐரோப்பாவிலிருந்து அட்டை வருவது நின்றது, ஆராய்ச்சியும் நின்றது. அட்டை இல்லாததால் ஒரு விஞ்ஞானம் தடைப்பட்ட கதையை நம்ம தோட்டத்தில் யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள்.

மனிதனுக்கு முதன்முதலில் செய்தவர் ஜேர்மனியின் கீஸன் நகரத்து வைத்தியர் கியோர்க் ஹாஸ். வருடம் 1924. பதினைந்து நிமிடம்தான். அவருக்கும் ஹிருடின் பெரிய தலைவலி. பிறகு ஹெப்பரின் வந்தது. இன்றும் நம்ம வைத்தியசாலைகளில் டயலிசிஸ் நோயாளிக்கு ஏற்றுவது அதைத்தான்.

அடுத்தவர் வில்லெம் கொல்ஃப். 1943இல் நாஸிப் படை நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த நேரம், கம்பன் என்ற சின்ன ஊரின் வைத்தியசாலையில் இருந்துகொண்டு, சொசேஜ் சுற்றும் செலோபன் தாள் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி முதலாவது உருப்படியான செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். ஆரம்பத்தில் அதில் படுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்து போனார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அந்தப் பெண் நாஸிகளுக்கு உடந்தையாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். ஊரே வெறுத்த ஒருத்தியை ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வைத்தியன் ஆள் பார்த்து வைத்தியம் செய்யக் கூடாது என்பதில் கொல்ஃப் உறுதியாக நின்றார். எனக்கு இந்த மனிதனை மிகவும் பிடிக்கும்.

அந்தக் காலத்து மெஷின்களில் பிரஷர் இறங்குவதற்குத் தனியான ஒரு காரணமும் இருந்தது. மெஷினின் குழாய்களை நிரப்பவே நிறைய இரத்தம் வேண்டும். நோயாளியின் இரத்தத்தாலேயே நிரப்பினால், வேலை தொடங்கும் முன்பே அவர் சரிந்து விடுவார். அதனால் வேறு ஆட்களின் இரத்தத்தால் நிரப்பித்தான் சில மெஷின்களைத் தொடங்கினார்கள். இன்னொரு பிரச்சினை, எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியாதது. சுவீடனின் லுண்ட் நகரத்தில் நில்ஸ் அல்வால் 1940களின் பிற்பகுதியில் அழுத்தத்தைக் கொண்டு நீரை இழுத்து எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். நீர் எடுக்கும் வசதி வந்ததும், அளவுக்கு மேல் எடுத்துவிடும் ஆபத்தும் கூடவே வந்தது.

1960 மார்ச் மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் டெஃப்லோன் குழாய் ஒன்றைப் பொருத்தி, ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப டயலிசிஸ் செய்யும் வழியைத் திறந்தார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி. இன்றோ நாளையோ என்றிருந்த அவர் 11 வருடம் வாழ்ந்து 1971இல் இறந்தார். "டயலிசிஸ் போட்டா ஆள் தங்காது" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் இவருடையதுதான். அறுபது வருடத்துக்கு முந்திய மெஷினில் பதினொரு வருடம்!

இதே ஸ்கிரிப்னர் கூட்டம்தான் அடுத்த புதிருக்கும் காரணம். மெஷினுக்குள் ஓடும் கரைசலில் முதலில் இருகாபனேற்றுத்தான் போட்டார்கள். நம்ம அப்பச்சோடாவில் இருப்பதுதான் அது. ஆனால் கல்சியத்தோடு சேர்த்து வைத்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், கரைசலைத் தயாரித்து வைக்க முடியாது. 1964இல் அதற்குப் பதிலாக அசற்றேற்றைப் போட்டார்கள், வினாகிரி வகையைச் சேர்ந்த உப்பு. உடம்பே அதை இருகாபனேற்றாக மாற்றிக்கொள்ளும் என்பது கணக்கு. வேலை இலேசானது, உலகம் முழுக்க எல்லோரும் அதற்கு மாறினார்கள்.

பிறகு மெஷின்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. உடம்பு மாற்றுவதைவிட வேகமாக அசற்றேற்று உள்ளே ஏறியது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தக்கூடியது. குழாய் தளர்ந்தால் பிரஷர் என்னவாகும்? அந்த வருடங்களில் நோயாளிகள் வாந்தி, தலைவலி, மயக்கம் என்று முறையிடும்போது, டயலிசிஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 1978இல் ஓர் ஆய்வு வந்தது: இருகாபனேற்றுக்குத் திரும்பினால் இந்தத் தொல்லைகள் குறைகின்றன, பிரஷரும் நிலையாக நிற்கிறது என்று. எழுதியவர்களின் பெயர்களில் ஸ்கிரிப்னரின் பெயரும் இருந்தது. தானே திறந்துவிட்ட வழியைத் தானே சோதித்து, ஆதாரத்தோடு ஊருக்குச் சொல்லுகிற மனசு எத்தனை பேருக்கு இருக்கும்?

அதே காலத்தில் இன்னொரு துப்பறியும் வேலையும் நடந்தது. சுவீடனின் பேர்க்ஸ்ட்ரோம் 1976இல் ஒன்றைக் காட்டினார். சுத்திகரிப்பை நிறுத்தி வைத்துவிட்டு நீரை மட்டும் தனியாக எடுத்தால், அதே அளவு நீரை எடுத்தாலும் பிரஷர் அவ்வளவாக இறங்குவதில்லை. ஏன்? ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இத்தாலியின் தென்கோடி ஊரான ரெஜியோ கலாப்ரியாவில் இருந்த குயிரீனோ மஜ்ஜோரே வேறு பக்கம் பார்த்தார். நீரை மட்டும் எடுக்கும்போது மெஷினுக்குள் சூடான கரைசல் ஓடுவதில்லை. வெளியே வரும் இரத்தம் குழாயில் ஆறிக் குளிர்ந்துதான் உடம்புக்குத் திரும்புகிறது. அப்படியானால் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது குளிர்தானா? கரைசலின் சூட்டைக் குறைத்து, சாதாரண டயலிசிஸையே செய்து பார்த்தார். பிரஷர் நின்றது. 1980களின் தொடக்கத்தில் வந்த கண்டுபிடிப்பு இது.

நுவரெலியாவில் விடிகாலை எழும்புகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளிர் பட்டால் தோலிலுள்ள குழாய்கள் சுருங்கும், இரத்தம் உள்ளே ஒதுங்கும். வெக்கையில் நிற்பவனுக்குத்தான் மயக்கம் வரும், குளிரில் நிற்பவனுக்கு நடுக்கம்தான் வரும். அதனால் மெஷினில் படுத்திருக்கும் உங்கள் ஆளுக்குக் கொஞ்சம் குளிர்ந்தால் பதற வேண்டாம். காய்ச்சலோடு வரும் கடும் நடுக்கம் மட்டும் வேறு விஷயம், அதை உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 84 டயலிசிஸ் நிலையங்களில் 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நான்கு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. எல்லோருக்கும் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்ததால் இருதய நோயோ மரணமோ குறையவில்லை, குளிர்கிறது என்ற முறைப்பாடுதான் கூடியது. தேவைப்படுகிற ஆளுக்குக் கை கொடுக்கும் வழி, எல்லோருக்கும் சட்டமாக்கினால் பயன் தரும் என்பதில்லை.

முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சியும் இப்படித்தான் போனது. 1990களில் ஒரு கருவி வந்தது. குழாயில் ஓடும் இரத்தத்துக்குள் ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் எவ்வளவு தடிக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டும். பீலித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பது போல. இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 443 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவில், கருவி பொருத்திய பிரிவில்தான் ஆஸ்பத்திரி அனுமதியும் மரணமும் கூடுதலாக இருந்தன. ஏன் என்று இன்றும் தர்க்கிக்கிறார்கள். மட்டம் எப்போது ஆபத்து என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் பத்து வீதம் குறைந்ததும் சரிவார், இன்னொருவர் இருபது வீதம் குறைந்தாலும் பேசிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரிய வந்தது. பிரஷர் இறங்குவது அந்த நேரத்து மயக்கத்தோடு போகிற விஷயம் இல்லை. 2009இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வுகள், டயலிசிஸ் நேரத்தில் இருதயச் சுவரின் சில பகுதிகள் அசையாமல் மரத்துப் போவதைப் படம் பிடித்துக் காட்டின. திரும்பத் திரும்ப நடந்தால் இருதயம் பலவீனமாகும். ஆகவே "கொஞ்ச நேரம் மயங்கினார், பிறகு சரியாயிட்டார்" என்று விட்டுவிட முடியாது.

கடைசியாகக் கணினி வந்தது. தென்கொரியாவின் சோல் நகரத்து ஆய்வாளர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட டயலிசிஸ் தடவைகளின் பதிவுகளைக் கணினிக்கு ஊட்டி, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் யாருக்குப் பிரஷர் இறங்கும் என்று சொல்லப் பழக்கினார்கள். 2021இல் வெளியானது. நன்றாகவே சொல்கிறது. சொன்ன பிறகு தாதியும் வைத்தியரும் என்ன செய்தால் உயிர் மிஞ்சும் என்பது அடுத்த கேள்வி. 2005இன் கதையைப் படித்தவர்கள் அதில் அவசரப்பட மாட்டார்கள்.

கணினி எந்தெந்த விஷயங்களைப் பார்த்துச் சொல்கிறது? இதுதான் நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். இந்த வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை: போன தடவை இறங்கியதா? இன்று தொடங்கும்போது பிரஷர் எவ்வளவு? சீனி வருத்தம் உண்டா? வயது என்ன? இரண்டு தடவைகளுக்கு இடையில் எடை எவ்வளவு கூடியது? அதை எத்தனை மணித்தியாலத்தில் எடுக்கப் போகிறோம்? ஒன்றுகூட நம்ம வீட்டுக் கொப்பியில் எழுத முடியாத விஷயம் இல்லை.

எடைக் கணக்கு ஒன்று மட்டும் போட்டுக் காட்டுகிறேன், வாத்தியார் புத்தி. 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரு கிலோ உடம்பு எடைக்கு மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடம் மரணம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 50 கிலோ எடையுள்ள ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு அது மணிக்கு 650 மில்லிலீற்றர். 4 மணித்தியாலத்தில் 2.6 லீற்றர். அவ்வளவுதான் இடம். அவர் 4 கிலோ நீரோடு வந்தால் கிலோவுக்கு மணிக்கு 20 மில்லிலீற்றர் எடுக்க வேண்டி வரும். அவருக்குப் பிரஷர் இறங்கும் என்று சொல்லக் கணினி தேவையா?

அந்த 4 கிலோ எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு நம்ம மலைக்கு வருகிறது. 1872இல் வெள்ளைக்காரர் தோட்டங்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவச் சட்டம் போட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி என்பது அந்தப் பாதையில் வந்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுத்து ஆளை மறுபடி மலைக்கு அனுப்புவதற்கு அது போதும். வாரம் தவறாமல், வருடக்கணக்காக ஒரு மெஷினில் படுக்க வேண்டிய நோய்க்கு அது எப்படிப் போதும்? 1985இல் இலங்கையின் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது, பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் அதில் முன்னின்றவர். அது கொழும்பில். வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் இருந்து தின்று வந்ததால், 2021இல் சீன உதவியோடு பொலன்னறுவையில் தேசிய சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டது. அவர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். நம்ம டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டிடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்ததை நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். இருந்தும் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இன்னும் எத்தனையோ நோயாளிகள் பஸ் ஏறுகிறார்கள்.

பஸ் காசில்லாத வாரம், மண் சரிந்து பாதை மூடிய நாள், பேர் போடாவிட்டால் சம்பளம் போய்விடும் என்று கூடப் போக ஆள் கிடைக்காத நாள், 2022இல் பெற்றோல் இல்லாமல் ஆட்டோ ஓடாத மாதங்கள், இவையெல்லாம் அந்த எடைக் கணக்கில் ஏறுகின்றன. ஒரு தடவை தவறினால் இரண்டு தடவையின் நீர் ஒரே தடவையில் எடுக்கப்பட வேண்டும். பீலித் தொட்டியில் பத்துப் பேர் ஒன்றாக இறங்கிய மாதிரி. மயங்கினால் பயம் வரும், பயத்தில் அடுத்த தடவை தவறும், மறுபடி நீர் சேரும். "ஆள் தங்காது" என்ற பேச்சு இந்தச் சுழலில்தான் பிறந்தது என்பது என் கணிப்பு.

உப்பும் இதில் ஒரு ஆள். கருவாடும் ஊறுகாயும் உப்புப் போட்ட ரொட்டியும் தின்றவரிடம் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது நடக்காத காரியம். தாகம் வரத்தான் செய்யும். குளிருக்கு நாலைந்து கோப்பை தேத்தண்ணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரைக் குறை என்று சண்டை பிடிப்பதைவிடக் கறியில் உப்பைக் குறைப்பது இலேசு. வீட்டில் ஒருவருக்காக எல்லோரும் குறைத்தால் அவருக்கும் தனியாக ஒதுக்கப்பட்ட மாதிரி இருக்காது. நோன்பு காலத்தில் நம்மவர்களில் சிலர் பகலெல்லாம் பட்டினி இருந்துவிட்டு இரவில் கஞ்சி, சர்பத், தண்ணீர் என்று ஒரேயடியாகக் குடித்து, மறுநாள் காலை மெஷினுக்குப் போகிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வைத்தியரையும் மௌலவியையும் இருவரையுமே கேளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள் வைத்தியரிடம் கேட்டு வைக்க வேண்டியவை. பிரஷர் மாத்திரையை டயலிசிஸ் நாள் காலையில் போடுவதா, பிறகு போடுவதா? படுத்திருக்கும்போது சாப்பிடலாமா? சாப்பிட்டால் இரத்தம் குடலுக்கு ஓடும், சிலருக்கு அப்போதுதான் பிரஷர் விழும். உடம்பில் மேலதிக நீர் இல்லாத எடை, அதாவது தாதிமார் டிரை வெயிட் என்று சொல்வது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? ஆள் மெலிந்தாலும் சதை போட்டாலும் அது மாற வேண்டும்.

ஒரு ரூல் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் ஐந்து கோடு போடுங்கள்: திகதி, போகும்போது எடை, வரும்போது எடை, தொடங்கும்போது பிரஷர், இறங்கியிருந்தால் எத்தனையாவது மணித்தியாலத்தில். பிள்ளை ஆறாம் வகுப்புப் படித்தால் போதும், அதுவே எழுதும். கொப்பியை ஒவ்வொரு தடவையும் தாதியிடம் காட்டுங்கள்.

கூடப் போகிறவர்கள் முகத்தைப் பாருங்கள். மெஷின் சத்தம் போடுவதற்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்கும். திரும்பத் திரும்பக் கொட்டாவி, குமட்டல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, காலில் கொளுவிப் பிடிப்பது, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சைக் குறைப்பது. நித்திரை வருகிறது போல என்று போர்வையை இழுத்து விடாதீர்கள். அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். கால் பக்கத்தை உயர்த்தி, நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சேலைன் ஏற்றுவார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் ஆள் கண் திறந்து பேசுவார்.

தெரிந்தவர்கள் வீட்டில் நோயாளி இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.